மாத்திரையும் மணி மருந்தும்

மனசுக்கு முடியலைன்னா எங்க பக்கத்து ஆளுக போகிற பாதை ஒண்ணுதான். முதல்ல கோடாங்கி. அப்புறம் ஏர்வாடி தர்கா. கையில் நாலு காசு புரண்டால் டாக்டர். 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களில் 28 பேர் செத்துப்போனார்கள். எனக்கு அப்போது விவரம் தெரிகிற வயசு. செத்தவர்களை அடையாளம் காட்டச் சங்கிலிதான் மிச்சம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் இருக்கிறது.

இன்றைக்கு மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்று போன் நம்பர் இருக்கிறது. விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. எல்லாம் சரி. நான் கேட்க வந்தது வேற. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நம்ம பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறவருக்கு என்ன படித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்?

எங்க தெருப் பையன் ஒருத்தன். பேர் வேண்டாம். வயசு இருபத்திரண்டு. பட்டாசு ஆபீசில் வேலை. (கம்பெனின்னு நாங்க சொல்றதில்லை. நாற்காலியும் கிடையாது, பேனாவும் கிடையாது, ஆனாலும் ஆபீசுதான்.) மணி மருந்து அறையில் மருந்து அள்ளுகிற வேலை. பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தனோடு அவனுக்கு விருப்பம். சேக்காளி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். போனில் எதையோ பார்த்து அப்பனுக்குத் தெரிந்துபோச்சு. அடித்தார்கள், கோடாங்கியிடம் போனார்கள், கடைசியில் டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ஊர் எது என்று கேட்டார். ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்டார், காலனியா என்று தெரிந்துகொண்டார். சரிபண்ணிரலாம், ஆறு மாசம் மாத்திரை, அப்புறம் கல்யாணம் பண்ணி வைங்க என்றார். பையனை ஒரு வார்த்தை பேச விடவில்லை. என்ன வேலை பார்க்கிறாய் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை.

மூணே வாரம். அவன் அம்மா எனக்குச் சின்னம்மா முறை. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நின்றாள். "ஏ தாயி, பிள்ளைக்குக் கை நடுங்குது. நின்ன இடத்துல கண்ணைச் சொருகுறான். மருந்தை அள்ளையில கீழ போட்டுட்டான்னா அவன் மட்டுமா போவான்?"

எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு. மருந்து அறை எப்படிப்பட்ட இடம் என்று வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் ஒரே வார்த்தைதான் வரும்: உராய்வு. கை தவறினால் உராய்வு, வேகமாகத் தேய்த்தால் உராய்வு. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேலே உயிர் போனது. இல்லாத நோய்க்குக் கொடுத்த மாத்திரை, தூக்கத்தையும் கைநடுக்கத்தையும் கொண்டுவந்து அந்த அறைக்குள்ளே விட்டிருக்கிறது. அந்தச் சீட்டை எழுதின கைக்கு ஒரு நடுக்கமும் இருந்திருக்காது.

மறுநாளே போர்மேனிடம் காய்ச்சல் என்று சொல்லி அவனை நிறுத்தினோம். வேறு ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டரம்மா பையனைத் தனியாக உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினார். பிறகு எங்களிடம், இவனுக்கு நோய் ஒன்றும் இல்லை, மாத்திரையைத் திடீர்னு நிறுத்தாம படிப்படியா குறைக்கணும் என்றார். எப்படிக் குறைப்பது என்று எழுதியும் கொடுத்தார். ஒரே படிப்பு, ஒரே பட்டம் வாங்கிய ரெண்டு பேர். ஒருத்தரிடம் போனவன் சாகப் பார்த்தான், இன்னொருத்தரிடம் போனவன் பிழைத்தான். நம்ம பிள்ளைகள் உயிர் அதிர்ஷ்டத்திலா தொங்குவது?

தன்பாலினத்தை விரும்புவது நோயில்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லேயே பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் சொன்னது. அதே வருசம் செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2017ஆம் வருச மனநலச் சட்டம், சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று சொல்லுகிற இடத்தில் சாதியையும் பாலின விருப்பத்தையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. அந்த வரியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்க பையன் அந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவிலேதான் நிற்கிறான்.

நம்ம மதுரைச் சங்கதி ஒன்றும் உண்டு. 2021இல் மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடி, போலீஸ் தொந்தரவுக்கு எதிராக உயர்நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது பற்றிச் சரியான புரிதல் இல்லை என்பதை மறைக்காமல் பதிவுசெய்துவிட்டு, வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அப்புறம்தான் ஜூன் 7ஆம் தேதி உத்தரவு போட்டார். மாற்றுகிறேன் பேர்வழி என்று செய்கிற வைத்தியத்துக்குத் தடை. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. அதே ஆணையம் 2024 ஆகஸ்டு கடைசியில், எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் பெண்கள் ஒருவரையொருவர் விரும்புவதை இயற்கைக்கு மாறான குற்றங்களோடு மறுபடி சேர்த்து வைத்து, கூச்சல் கிளம்பியதும் செப்டம்பரில் திரும்ப வாங்கிக்கொண்டது. நீதிபதி பாடம் கேட்டார். பாடத்திட்டம் போடுகிறவர்களை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

மாத்திரை எழுதுகிறவர் டாக்டர். பேசிக் குணப்படுத்துகிறவர் மருத்துவ உளவியலாளர். அந்தப் பேர் போட்டுக்கொள்ள எம்.ஏ. உளவியல் பத்தாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த ரெண்டு வருச எம்.ஃபில். வேணும். ஒரு கல்லூரியில் இருக்கிற இடமே கொஞ்சம்தான், தனியாரில் பீஸ் லட்சக்கணக்கில். எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்துகிறோம் என்று 2023 டிசம்பரில் மானியக் குழு அறிவித்து, பிறகு இந்தப் படிப்புக்கு 2025-26 சேர்க்கை வரை தவணை கொடுத்தது. என் அக்கா மகள் 2025இல் கடைசி பஸ்சைப் பிடித்த மாதிரி ஓர் இடம் பிடித்தாள். எங்க தெருவில் இருந்து இந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள். அக்கா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கின கைக்காரி.

அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டேன். "ஒரு மத்தியானம் நடத்துனாங்க சித்தி. மரியாதையா நடத்துங்க, தீர்ப்புச் சொல்லாதீங்கன்னாங்க. அம்புட்டுதான்." சாதிக்கு எத்தனை மத்தியானம் என்றேன். சிரித்தாள்.

வெளிநாட்டில் சில பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குள்ளேயே இதைத் தனிப் பிரிவாக வைத்துப் பயிற்சி தருகிறார்கள். இங்கே மும்பையில் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் 2019இல் ஒரு பயிற்சியைத் தொடங்கியது. பாடம் நடத்துகிறவர்களே பால்புதுமையர். ஏற்றுக்கொள்கிறேன் என்று பெரிய மனசு காட்டுவது பத்தாது, கோளாறு வந்தவனிடம் இல்லை, அவனை ஒடுக்குகிற ஊரிடம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கு என்பதுதான் அந்தப் பாடத்தின் அடிப்படை. படித்தபோது இதை அம்பேத்கரிடம் நாம் ஏற்கனவே கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. தீண்டாமை தீண்டப்படாதவனின் வியாதி இல்லையே. ஆனால் மும்பை மும்பைதான். தினக்கூலியை விட்டு வாராவாரம் ஒருமணி நேரம் பேச வா என்றால் எங்க பையன் எப்படி வருவான்? தனி அறையில் இருந்து போனில் பேசு என்கிறார்கள். ஒத்தை அறை வீட்டில் அஞ்சு பேர். அவன் கண்மாய்க் கரையில் நின்றுதான் பேசுகிறான்.

அப்புறம் பாஷை. அரசாங்கம் 2022இல் நீதிமன்றம் சொன்னபடி சொற்பட்டியல் வெளியிட்டது. நல்ல காரியம். நான் தமிழ் எம்.ஏ. தொல்காப்பியம் ஆண்மை திரிந்தவர்களையும் உயர்திணையில்தான் வைத்திருக்கிறது என்று மேடையில் பெருமையாகப் பேசலாம், பேசியும் இருக்கிறேன். ஆனால் எங்க சின்னம்மாவுக்குத் தன் மகனைச் சொல்ல வசவைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. அக்கா மகள் வாசிக்கிற கேள்வித்தாள்களின் தமிழோ மொழிபெயர்ப்புத் தமிழ். "நீங்கள் பதற்றமாக உணர்கிறீர்களா" என்று கேட்டால் எங்க சனம், இல்லைன்னு சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். நெஞ்சு படக்கு படக்குங்குதா, சோறு இறங்குதா என்றால் உட்கார்ந்து பேசும்.

பையன் இப்போது பெட்டி போடுகிற பக்கம் வேலை பார்க்கிறான், கூலி குறைவு. கை நடுக்கம் நின்றுவிட்டது. அப்பன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சின்னம்மா மட்டும் அந்தச் சேக்காளிப் பையன் வந்தால் தண்ணி கொடுக்கிறாள். ஒருநாள் சாப்பிட்டுப் போகச் சொன்னாளாம்.

அக்கா மகள் லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு திரி செருகுகிற பெண்களோடு போய் உட்காருகிறாள். மனசு கஷ்டத்தை யார் யார் எப்படிச் சொல்லுகிறார்கள் என்று அப்படியே எழுதிக்கொள்கிறாள். போன தடவை சின்னம்மா சொன்னதையும் எழுதியிருக்கிறாள்: "ஈரல்ல யாரோ உக்காந்துருக்க மாதிரி இருக்கு."