பள்ளியும் அள்ளியும்: ஒரு மதிப்பீட்டாளரின் கேள்வி

ஒசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்த காலத்தில்தான் என் முதல் மொழியியல் கட்டுரையை எழுதினேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களில் ‘பள்ளி’, ‘அள்ளி’ ஆகிய இரண்டு ஈறுகளும் விரவி வருகின்றன. மூக்கண்டப்பள்ளி ஒருவகை, மாரண்டஅள்ளி மற்றொருவகை. பழங்கன்னடத்தின் மொழிமுதல் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று என்பது திராவிட ஒப்பியலில் நிறுவப்பெற்ற செய்தி. தமிழ் ‘பால்’, தெலுங்கில் ‘பாலு’, கன்னடத்தில் ‘ஹாலு’. அவ்வாறே பள்ளி ‘ஹள்ளி’யாகி, தமிழ் வழக்கில் ஹகரம் நீங்கி ‘அள்ளி’ ஆயிற்று. இதனை அடிப்படையாகக் கொண்டு, ‘பள்ளி’ ஊர்கள் தமிழ்ப்புலம், ‘அள்ளி’ ஊர்கள் கன்னடச் செல்வாக்குப் புலம் என்று ஓர் எல்லைக்கோடு வரைந்து, ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன்.

ஐந்து மாதங்களுக்குப்பின் மதிப்பீட்டாளர் அறிக்கை வந்தது. இரண்டு பக்கங்கள். தெலுங்கிலும் ‘பல்லி’, ‘பல்லெ’ வழங்குவதால், பகர வடிவம் ஒன்றை மட்டும் கொண்டு ஓர் ஊரைத் தமிழ்ப்புலத்தில் நிறுத்தவியலாது என்பது முதல் மறுப்பு. அதற்கு விடை எழுதிவிடலாம் என்று எண்ணினேன். அடுத்து இருந்தது ஒரு கேள்வி: ‘இப்பெயர்களை யாரிடம், எந்த மொழியில் கேட்டீர்கள்?’

நான் எவரிடமும் கேட்கவில்லை. பேருந்துப் பலகைகளிலிருந்தும் அரசுப் பட்டியல்களிலிருந்தும் திரட்டியிருந்தேன். என் வீட்டருகே தேநீர்க்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் தெலுங்கும், அடுத்தவரிடம் கன்னடமும், என்னிடம் தமிழும் பேசுவதை நாள்தோறும் கேட்டிருந்தும் அது தரவு என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னர் அவரிடம் கேட்டபோதும் தமிழில்தான் கேட்டேன்; தமிழில்தான் விடை கிடைத்தது. ஆய்வாளரின் இருப்பே தரவை மாற்றிவிடும் என்று லபோவ் சுட்டிய முரண்பாட்டை அன்றுதான் உணர்ந்தேன்.

கம்பர்சும் வில்சனும் 1971இல் வெளியிட்ட குப்வார் ஆய்வைப் படிக்குமாறும் அறிக்கை பரிந்துரைத்திருந்தது. மராட்டிய, கன்னட எல்லையோரச் சிற்றூரான குப்வாரில் மொழிகளின் சொற்கள் வேறுவேறாக நிற்க, தொடரமைப்புகள் பெரிதும் ஒன்றியிருந்ததை அவர்கள் காட்டினர். எல்லை ஊர்களுக்கு இடையில் மட்டும் இல்லை. ஒருவரே ஒரு நாளில் பலமுறை அதைக் கடக்கிறார். கோட்டை நீக்கினேன். ஒருவர் யாரிடம் எவ்வடிவத்தைச் சொல்கிறார் என்பதையே கட்டுரைப் பொருளாக்கினேன். திருத்தத்திற்கு ஓராண்டு ஆயிற்று; கட்டுரை வெளிவந்தது.

பல ஆண்டுகள் கழித்து நானும் மதிப்பீட்டாளரானேன். எல்லைப்பகுதித் தொழிலாளர் பேச்சைப் பற்றிய கட்டுரையொன்று வந்தது. பருவத்தேர்வு விடைத்தாள்கள் மேசையில் குவிந்திருந்த நேரம். ‘தரவு போதாது. கலப்புப் பேச்சை வழக்கு எனக் கொள்ளவியலாது. ஏற்பதற்கில்லை’ என்று மூன்று வரிகள் எழுதி அனுப்பிவிட்டேன்.

அண்மையில் பழைய கோப்புகளைத் தேடுகையில் அக்கட்டுரையை மீண்டும் பார்த்தேன். தரவு குறைவுதான். ஆனால் அட்டவணையின் கடைசிப் பத்தியில், ஒவ்வொரு தொடரும் யாரிடம் சொல்லப்பட்டது என்று குறிக்கப்பட்டிருந்தது. எனக்கு ஓராண்டு உழைப்பில் விளங்கியதை அந்த ஆய்வாளர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார். நான் அப்பத்தியைப் படித்திருக்கவில்லை. அக்கட்டுரை பின்னர் எவ்விதழிலும் என் கண்ணில் படவில்லை.

இருபுறமும் பெயர் மறைக்கும் மதிப்பீட்டு முறை நடுநிலைக்கு இன்றியமையாதது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அம்முறையால் என்னைத் திருத்தியவருக்கு நன்றி கூறவும் இயலவில்லை. நான் தவறிழைத்தவரிடம் பொறுத்தருளக் கேட்கவும் இயலவில்லை. இயல்வது ஒன்றுண்டு. இப்பொழுதெல்லாம் அட்டவணைகளை முழுவதும் படித்தபின், ஆசிரியர் மீண்டும் களத்திற்குச் சென்று விடை காணத்தக்க கேள்வி ஒன்றையேனும் எழுதிய பிறகே, ஏற்பையோ மறுப்பையோ எழுதுகிறேன்.