வலி இல்லாதவள் வீட்டுக் கதவு

மும்பையின் குடிசைப் பகுதிகளில் மத்தியானம் 2 மணிதான் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடும் நேரம். தண்ணீர் பிடித்தாகிவிட்டது, சமையல் முடிந்தது, பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் சுகாதார ஊழியர் கதவைத் தட்டுவார். திறப்பவளுக்கு நாற்பது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவள் சொல்லக்கூடிய பதில் நாடு முழுக்க ஒன்றுதான்: "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே!"

நியாயமான பதில். அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில் டாக்டரிடம் போவதென்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. தாங்க முடியாத வலி வந்தால்தான் அந்தச் செலவுக்கு மனசு வரும். வெட்கம் வேறு. போதாததற்குப் புற்றுநோய் என்ற பெயரையே வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்று பயப்படும் மாமியார்.

ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, அது உடம்பிலேயே தங்கிவிட்டால், புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அத்தனை காலமும் வலி இருக்காது. சுலபமாகக் குணப்படுத்தக்கூடிய காலமும் அதுதான். மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, நாற்றமடிக்கும் வெள்ளைப்போக்கு, இடுப்பு வலி என்று அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

இந்தக் கதவுகளைத் தட்டும் வேலையை 1998இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை பெரிய அளவில் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். சோதனை செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல; பத்தாம் வகுப்பாவது படித்து, பயிற்சி பெற்ற பெண்கள். கருவி? வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம், பஞ்சு, விளக்கு வெளிச்சம். நீர்த்த அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கோளாறான செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. சாதாரண அழற்சியிலும் தெரியலாம். அதனால் அடுத்த கட்டப் பரிசோதனை தேவை. புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று உறுதியானால், அந்த இடத்தை உறைய வைத்தோ சூட்டினாலோ அழித்துவிடலாம். பெரும்பாலும் படுக்கையில் சேர வேண்டியதில்லை.

12 வருடத்துக்குப் பிறகு கணக்குப் பார்த்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 சதவீதம் குறைந்திருந்தது. 2013இல் இந்த முடிவு உலகத்துக்குத் தெரிந்தபோது, வினிகரா என்று வியந்தவர்கள் பலர். உண்மையில் வியக்க வேண்டிய எண் வேறு. அழைக்கப்பட்டவர்களில் 89 சதவீதம் பேர் சோதனைக்கு வந்திருந்தார்கள். "ஒன்றும் இல்லையே" என்று சொல்லக்கூடிய பெண்கள்தான் அவர்கள். யாரோ திரும்பத் திரும்ப வந்து, உட்கார்ந்து, பேசியதால் வந்தவர்கள். அப்படியும், சந்தேகம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் உறுதி செய்யும் பரிசோதனைக்குப் போகவில்லை.

இதே ஆய்வில் மார்பகத்தையும் கையால் தடவிப் பரிசோதித்தார்கள். 2021இல் வெளியான 20 வருட முடிவு அவ்வளவு நேரானதாக இல்லை. கட்டிகள் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டன. 50 வயது தாண்டிய பெண்களில் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரிடம் அந்தப் பலன் தெரியவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லா நோய்க்கும், எல்லா வயதுக்கும் சொல்லிவிட முடியாது. எது உயிர் காக்கிறது என்று தெரிந்து அதைச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆய்வுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. பெண்களில் பாதிப் பேருக்குத்தான் சோதனை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுபாதிப் பேருக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டுமே தரப்பட்டது. இது முறையா என்று கடும் விமர்சனம் எழுந்தது. அன்றைய இந்தியாவில் யாருக்குமே இப்படி ஒரு சோதனைத் திட்டம் இல்லை, எனவே யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை என்பது ஆய்வுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம்.

அந்த வாதம் சரியோ தவறோ, அதற்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அது ஆய்வாளர்கள் மீதானது மட்டும் அல்ல. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் நெறிமுறை வகுத்தது. 2019-21இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் எப்போதாவது ஒரு முறை கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். மார்பகத்துக்கும் வாய்க்கும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, மும்பையில் ஒப்பிடுவதற்காக விடப்பட்ட அந்த மறுபாதியில்தான் ஏறக்குறைய நாடே நின்றது.

பஞ்சுக்கும் வினிகருக்கும் பஞ்சமில்லை. பற்றாக்குறை எல்லாம், 2 மணி வெயிலில் நடந்து வந்து, முதல் நாள் மறுத்தவள் வீட்டுக் கதவை மறுநாளும் தட்டுகிற ஆளுக்குத்தான். கதவைத் திறக்கும் பெண்ணுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. அவளைக் கூப்பிட அதைவிட நல்ல நேரமும் இல்லை.