நாற்பது ஓவர் சைஸில் ஓடும் ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போனாலும் காங்கேசன்துறைக்குப் போனாலும் ஏற்றத்துக்காகக் கியரைக் குறைக்க வேண்டி வராது. சுண்ணக்கல்லின் மேல் பரந்து கிடக்கும் தட்டை நிலம். தூரங்களும் சின்னவை. நாற்பது குதிரைவலு எஞ்சின் ஒன்றுக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40இன் பெயரில் இருக்கும் நாற்பது அந்தக் குதிரைவலுதான். அதுவும், அதன் பின்வந்த சமர்செட்டும், மொறிஸ் மைனரும், ஒக்ஸ்போர்ட்டும், கேம்பிரிட்ஜும் இங்கே வாடகைக் கார்களாகவும் கலியாணக் கார்களாகவும் தலைமுறை கடந்து ஓடின. சில இன்றும் ஓடுகின்றன.

பழைய கார்களில் ஆசை வைத்துக் காப்பாற்றிய ஊர் என்று யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வேறு கார் கிடைக்கவில்லை என்பதுதான் முதற் காரணம். அறுபதுகளில் இலங்கையில் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் கொழும்பை நிறைத்தன. அவை வடக்கில் வேரூன்ற முன்னரே 1983இல் போர் வந்துவிட்டது.

இங்கே ஒரு காரின் வயதை அதன் இலக்கத் தகடே சொல்லிவிடும். பழைய தகட்டில் ஆங்கில எழுத்து இரண்டும் நான்கு இலக்கமும் இருந்தால் அது 'ஸ்ரீ'க்கு முந்திய வண்டி. 1957இல் சிங்கள 'ஸ்ரீ' தகட்டில் ஏறியது. அதன்மேல் தார் பூசித் தமிழ் 'ஸ்ரீ' எழுதும் போராட்டம் வடக்கில் நடந்தது. 1958 கலவரத்துக்கு முந்திய மாதங்களின் சூட்டில் அந்த ஓரெழுத்துக்கும் பங்குண்டு.

1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கிட்டாப் பொருளாயிற்று. மண்ணெண்ணெய் மட்டுமட்டாகக் கிடைத்தது. புது எஞ்சின்கள் அதைக் குடிக்க மாட்டா. அவற்றின் அமுக்க விகிதம் கூட. மண்ணெண்ணெய் ஊற்றினால் சிலிண்டருக்குள் தட்டும், இழுக்காது. ஏ-40இன் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான். ஆகவே கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் கிழவன் இருமிக்கொண்டாவது ஓடினான். நோயாளியும் மணமகளும் அவற்றில்தான் போனார்கள்.

அதற்கான விலையைச் சிலிண்டர் கொடுத்தது. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத துளிகள் சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அந்த நாட்களில் ஒயில் அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறையவில்லை, கூடியிருக்கும். அது நல்ல செய்தி அல்ல. உள்ளே நீர்த்துப்போன ஒயில், உலர்ந்த சுவர், இரும்பில் இரும்பு உராயும் றிங். அப்படித் தேய்ந்த புளொக்குகள் போய்ச் சேர்ந்த இடம் லேத் பட்டறை. மின்சாரமும் அற்றுப்போன ஊரில், லேத்தைச் சுழற்றவே இன்னொரு எஞ்சின் வேண்டியிருந்தது.

தேய்வு ஒரே சீராக நடப்பதில்லை. றிங் ஏறி நிற்கும் மேல் எல்லையில் சூடும் அழுத்தமும் அதிகம், ஒயில் குறைவு. அங்கேதான் மோசமாகத் தேயும். அதற்கும் மேலே றிங் தொடாத இடம் ஒரு விளிம்பாக எஞ்சி நிற்கும். நகத்தால் வருடினாலே தட்டுப்படும். பிஸ்ரன் பக்கவாட்டில் சாய்ந்து தள்ளுவதால் வட்டம் நீள்வட்டமாகும். ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். நாலு சிலிண்டரில் ஆக மோசமானது எதுவோ அதுதான் மற்ற மூன்றின் தலைவிதியையும் தீர்மானிக்கும்.

சிலிண்டரைச் சற்று அகல வெட்டி, அதற்கேற்பப் பருத்த பிஸ்ரன் போடுவதுதான் போரிங். அதற்குப் போரிங் பாரை புளொக்கின் மேல் முகத்தில் வைத்துப் பூட்டுவார்கள். அந்த முகத்தில் பழைய கஸ்கெட் துணுக்கு ஒட்டியிருந்தாலும் சிலிண்டர் சரிந்துவிடும். பிறகு சென்ரர் எடுப்பது. பாரின் விரல்களைச் சிலிண்டரின் அடியில், றிங் எட்டாத தேயாத பகுதியில் விரித்து, தொழிற்சாலை முதலில் வெட்டிய மையத்தைத் தேடிப் பிடிப்பார்கள். மேலே தேய்ந்த இடத்தை நம்பினால் தேய்வின் பிழையையே திரும்ப வெட்டியதாகிவிடும். பிஸ்ரன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே கத்தியை வைப்பது நல்ல பட்டறையின் ஒழுங்கு. பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி வெட்டுவதில்லை. கத்தி கடைசி அளவுக்குப் போகாது. அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கை ஹோனிங் கல்லுக்கு விட்டுவைக்கும். கல் சுழன்றபடி ஏறி இறங்கும்போது சுவரில் குறுக்கு மறுக்காகக் கீறல்கள் விழும். கண்ணாடி போலப் பளபளத்தால் ஒயில் நிற்காது. அந்தக் கீறல்களில்தான் நிற்கும்.

கடைசி வேலை சவர்க்காரத் தண்ணீர். பெற்றோலால் துடைத்தால் கற்பொடி கீறலுக்குள் தங்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் பூட்டிய எஞ்சின், போரிங் பண்ணாததைவிடக் கெதியாகத் தேயும். கழுவிய கையோடு ஒயில் பூசாவிட்டால், உப்புக்காற்று வீசும் இந்த ஊரில் துருவும் கெதியாகவே வரும்.

வெட்டும் அளவுகள் 10, 20, 30, 40 என்று படி வைத்து ஏறும். எல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. பெரும்பாலும் நாற்பதோடு நிறுத்துவார்கள்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் வெட்டேலாதோ?"

"வெட்டலாம் தம்பி. பிறகு தண்ணி உள்ளுக்கு வரும். ஸ்லீவ் போடுங்கோ."

ஸ்லீவ் என்பது வார்ப்பிரும்புக் குழாய். சிலிண்டரை அகல வெட்டி, அதைவிடச் சற்றே பருத்த குழாயை அழுத்தி இறக்கி, உள்ளே பழைய அளவுக்கே வெட்டுவார்கள். எண்ணிக்கை திரும்பவும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஒரு புளொக் இப்படி அரை நூற்றாண்டைத் தாண்டுவது அதிசயம் அல்ல. அந்தக் காலத்து வார்ப்பில் வெட்டுவதற்கென்றே தடிப்பு விட்டிருந்தார்கள்.

பிஸ்ரனுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பாக்குநீரிணையின் அக்கரையில் பதில் இருந்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949இலேயே ஏ-40 பூட்டத் தொடங்கியது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் மூன்றாம் மாதிரி அம்பாசடராகி 2014 வரை இந்தியாவில் தயாரானது. கேம்பிரிட்ஜின் 1489 சி.சி. எஞ்சினும் அம்பாசடரில் பல காலம் இருந்த எஞ்சினும் ஒரே குடும்பம். சிலிண்டர் விட்டம் இரண்டிலும் 73.025 மில்லிமீற்றர். இங்கிலாந்து கைவிட்ட அளவை இந்தியா கைவிடவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் அந்த நெருக்கம் வரைபடத்தில் மட்டும் இருந்தது என்பது வேறு விஷயம்.

தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடுண்டு, 2009இல் மறுபடி திறந்தது. இப்போது சில கேம்பிரிட்ஜ்களின் பொனற்றைத் தூக்கினால் உள்ளே ஜப்பான் டீசல் எஞ்சின் இருக்கும். போரிங் பண்ணிப் பிஸ்ரன் தேடுவதைவிட அது மலிவு என்று கணக்குப் பார்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன்; வாடகைக்கு ஓடுகிறவருக்கு அன்றாடம் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ஆசைக்கு வாங்குகிறவர் எஞ்சின் மாறிய காருக்கும் அசல் எஞ்சின் காரின் விலையையே கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. பெயின்ற்றையும் குரோமையும் பார்த்துப் பேரம் பேச வேண்டாம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். ஸ்ரார்ட் எடுத்ததும் 'டக் டக்' என்று தட்டி, சூடேறியதும் அடங்கினால் பிஸ்ரனுக்கும் சுவருக்கும் இடைவெளி விழுந்துவிட்டது. நீலப் புகை வந்தால் றிங்கையும் சந்தேகியுங்கள். ஹெட்டைக் கழற்ற உடையவர் சம்மதித்தால், பிஸ்ரனின் தலையில் பொறித்த எண்ணைப் படியுங்கள். நாற்பது என்றிருந்தால் நாலு ஸ்லீவின் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.