அக்கா மக துடுப்பு பிடிச்ச ஆடி மாசம்

"தம்பி, நீ போயி அவளை நிறுத்திட்டு வா. தாய்மாமன் சொன்னா கேப்பா."

அக்கா என் வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்துக்கிட்டு இதைத்தான் சொல்லுச்சு. 2023, ஆனி மாசம். கம்பம் பள்ளத்தாக்குல முதல் போக நடவு நடந்துக்கிட்டு இருந்த நேரம். என் ஒண்ணரை ஏக்கர்ல பாதி முடிஞ்சு பாதி பாக்கி. கால்ல சேறு காயல.

விஷயம் இதுதான். அக்கா மகளை குட்டநாட்டுல, புளிங்குன்னு பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல கட்டிக் குடுத்திருக்கோம். மாப்பிள்ளை மலையாளி. கல்யாணமாகி எட்டு வருஷம், ரெண்டு பிள்ளைங்க. அந்தப் புள்ள அங்க உள்ள பொம்பளைங்களோட சேர்ந்து வள்ளம்களியில துடுப்பு போடப் போகுதுன்னு போன்ல சொல்லியிருக்கு. வள்ளம்களின்னா படகுப் போட்டி. அது சொன்ன நேரமும் சரியில்ல. ஜூலை 3ஆம் தேதி சம்பக்குளம் மூலம் வள்ளம்களியில பொம்பளைங்க ஏறின வள்ளம் ஒண்ணு கவிழ்ந்துபோச்சு. எல்லாரையும் காப்பாத்தித் தூக்கிட்டாங்க. ஆனா வீடியோ எங்க ஊர் டீக்கடை வரைக்கும் வந்திருச்சு. எங்க புள்ள அந்த வள்ளத்துல இல்ல. இருந்தாலும் பெத்த மனசு கேக்குமா?

"நம்ம ஊர் வாய்க்கால்ல கூட இறங்காத புள்ளடா அது"ன்னு அக்கா அழுதுச்சு.

சரின்னு நடவு முடிஞ்ச மறுநாள் குமுளி வழியா பஸ் ஏறினேன். கோட்டயம் போயி, அங்க இருந்து சங்கனாசேரி. அங்க இருந்து ஆலப்புழா போற ரோட்டுல ஏறிட்டா ரெண்டு பக்கமும் தண்ணிதான்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு குட்டநாடுன்னா ஹவுஸ் போட் ஞாபகம் வரும். விவசாயிக்கு வேற ஞாபகம். கடல் மட்டத்துக்கும் கீழ நெல் போடுற ஊர் அது. சுத்தி வரப்பு இல்ல, கரையே கட்டி, பெரிய மோட்டார் வச்சு தண்ணிய வெளிய இறைச்சுத்தான் அங்க விதைக்க முடியும். நாம தண்ணிய உள்ள விட மோட்டார் போடுறோம், அவங்க வெளிய தள்ளப் போடுறாங்க. ஐப்பசி கார்த்திகையில விதைச்சு பங்குனி சித்திரையில அறுப்பாங்க. தமிழ்நாட்டுல இருந்து அறுப்பு மெஷின் லாரி லாரியா அங்க போகும். 2013ல ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு, உலகத்துல காப்பாத்த வேண்டிய பழைய விவசாய முறைகள்ல ஒண்ணா இதையும் சேர்த்திருக்கு. நான் போனப்போ நிறைய வயல் வயலாவே இல்ல. பம்பை ஆத்துத் தண்ணி ஏறி ஏரி மாதிரி கிடந்துச்சு. வயல்ல வேலை குறையுற இந்த மழைக்காலம்தான் அவங்களுக்கு வள்ளம்களி சீசன். ஆனி மூலத்துல சம்பக்குளத்துல ஆரம்பிச்சா ஓணம் தாண்டியும் நடக்கும்.

வீட்டுக்குப் போனதும் நான் பேச்சை ஆரம்பிக்கல. அதுவே ஆரம்பிச்சுச்சு.

"மாமா, அம்மா அனுப்புச்சா?"

"ம்."

"சாயங்காலம் வந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

அஞ்சு மணிக்கு தோட்டுக் கரைக்கு கூட்டிட்டுப் போச்சு. தோடுன்னா அங்க வாய்க்கால். வாய்க்கால்னு பேருதான், எங்க ஊர் முல்லை ஆறு அகலம் இருக்கு. கரையில முப்பது பொம்பளைங்க. குடும்பஸ்ரீ குழு பொம்பளைங்கதான். ஒருத்தர் மீன் விக்கிறவங்க, ஒருத்தர் தையல்காரி, மிச்சப் பேர்ல பாதிக்கு மேல தொழிலுறுதிக்குப் போறவங்க, நம்ம ஊர் நூறு நாள் வேலைதான் அது. பகல் பூரா வேலை பாத்துட்டு, வீட்டுக்குப் போயி சோறு வடிச்சு வச்சுட்டு, அப்புறம் வந்து துடுப்பு எடுக்கிறாங்க. ஆம்பளைங்க டீமுன்னா ஒரு இடத்துல தங்க வச்சு, சாப்பாடு போட்டு, வாரக்கணக்கா பயிற்சி குடுப்பாங்களாம். இவங்களுக்கு இருட்டுறதுக்குள்ள கிடைக்கிற ஒண்ணரை மணி நேரம்தான்.

பொம்பளைங்க ஓட்டுறது தெக்கனோடின்னு ஒரு வகை வள்ளம். போட்டோவுல நீங்க பாத்திருக்கிற, பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கிற பாம்புப் படகு சுண்டன் வள்ளம். அது நூறு அடிக்கு மேல நீளம், நூறு பேர் கிட்ட துடுப்பு போடுவாங்க. தெக்கனோடி அதைவிடச் சின்னது. ரெண்டு ரெண்டு பேரா பக்கத்துல பக்கத்துல முன்னாடி பாத்து உட்காரணும். துடுப்பு கையகலம்தான், அகப்பையைப் பெருசாக்குன மாதிரி இருக்கு. நடுவுல ஒருத்தர் நின்னு தாளம் தட்டுவாரு. இந்த டீம்ல பின்னாடி நின்னு திசை பிடிச்சதும் தாளம் தட்டுனதும் ஆம்பளைங்க. இழுத்தது பூரா பொம்பளைங்க.

முதல் நாள் பாத்தப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. ஒருத்தர் துடுப்பு உள்ள போறப்போ இன்னொருத்தர் துடுப்பு வெளிய வருது. முன்னாடி இருக்கிறவங்க முதுகுல பின்னாடி இருக்கிறவங்க தண்ணி அடிக்கிறாங்க. வள்ளம் இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. அக்கா சொன்னது சரின்னு நினைச்சேன்.

மூணாம் நாள் சாயங்காலம் திடீர்னு ஒரு மாதிரி சேர்ந்துருச்சு. ஒரு பத்து இருபது இழுவைதான் இருக்கும். முப்பது துடுப்பும் ஒரே சத்தம், 'சளக்'குன்னு. அந்த நேரம் வள்ளம் ஆடவே இல்ல, வழுக்கிக்கிட்டுப் போச்சு. பலசாலி நாலு பேர் வேகமா இழுத்து பிரயோசனம் இல்ல, சேர்ந்து இழுத்தாத்தான் வள்ளம் நேரா நிக்கும்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு.

அன்னைக்கு ராத்திரி கேட்டேன். "ஏன் பாப்பா, உனக்கு இது எதுக்கு?"

அது சொன்னது இன்னும் காதுல இருக்கு.

"2018ல வெள்ளம் வந்துச்சுல்ல மாமா. கழுத்து வரைக்கும் தண்ணி. கையில ஒரு வயசுப் புள்ள. யாரோ வள்ளத்தைக் கொண்டாந்து எங்களைத் தூக்கிப் போட்டு சங்கனாசேரி பக்கம் கொண்டுபோனாங்க. எங்க வீட்டுக்காரர் துழஞ்சாரு, மாமியார் கூட ஒரு துடுப்பு எடுத்துச்சு. நான் மட்டும் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்னைக்கே நினைச்சேன், தண்ணியில இருக்கிற ஊர்ல இனிமே மூட்டையா உட்காரக் கூடாதுன்னு. மறு வருஷமே நீச்சல் கத்துக்கிட்டேன். இந்தத் தோட்டுலதான்."

எனக்கு நீச்சல் தெரியும். ஆனா அந்தப் புள்ளகிட்ட நீச்சல் தெரியுமான்னு கூட நாங்க யாரும் கேட்டதில்ல.

கிளம்புற அன்னைக்கு டீம் லீடர் சேச்சி எங்கிட்ட பேசுனாங்க. அம்பது வயசு இருக்கும், கரும்பலகை மாதிரி கறுத்த முதுகு, வயல் வேலை பாக்குற உடம்பு. எங்க ஊர்லயும் நெல்லான்னு விசாரிச்சாங்க. பெரியாறு தண்ணியில ரெண்டு போகம்னு சொன்னேன். "பொம்பளைங்களுக்கு என்ன கூலி?"ன்னு கேட்டாங்க. களையெடுப்புக்கு 350னு சொன்னேன். "ஆம்பளைக்கு?" 700. அவங்க சிரிச்சுட்டு, "இவிடெயும் அப்படித்தான், தொகைதான் வேற. தொழிலுறுதியில மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு, 333"ன்னாங்க. குத்திக் காட்டல, சும்மா சொன்னாங்க. எனக்குத்தான் பஸ்ல வர்ற வரைக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. என் வயல்ல களையெடுக்க வர்ற ஏழு பேர்ல ஒருத்தர் எங்க அக்கா.

ஊருக்கு வந்து அக்காகிட்ட, "நிறுத்த முடியாதுக்கா. நீ வந்து பாரு"ன்னேன். மூணு நாள் எங்கூட பேசல. நாலாம் நாள், "என்னைக்குப் போகணும்?"னு கேட்டுச்சு.

அதுக்குள்ள அவங்க பக்கத்து ஊர்ல ஒரு சின்னப் போட்டியில இறங்கி கடைசியா வந்துட்டாங்க. பாதி தூரத்துல தாளம் தப்பிருச்சாம். போன்ல சொல்றப்போ குரல் கம்மிப்போச்சு. "விட்டுர்றியா?"ன்னு கேட்டேன். "இன்னும் பதினஞ்சு நாள் இருக்குல்ல மாமா"ன்னுச்சு.

ஆகஸ்ட் 12, ரெண்டாம் சனிக்கிழமை. ஆலப்புழா புன்னமடை ஏரியில நேரு கோப்பை. 1952ல நேரு அங்க வந்தப்போ அவருக்காக வள்ளம்களி நடத்தியிருக்காங்க. ஜெயிச்ச நடுபாகம் சுண்டன்ல அவர் பாதுகாப்பையெல்லாம் விட்டுட்டுத் தாவி ஏறிட்டாராம். டெல்லிக்குத் திரும்பிப் போயி வெள்ளியில வள்ளம் மாதிரி கோப்பை செஞ்சு அனுப்புனாரு. அதுதான் இந்தக் கோப்பை.

கூட்டம்னா கூட்டம். எங்க வீரபாண்டித் திருவிழாவை தண்ணி ஓரம் வச்ச மாதிரி. நானும் அக்காவும் கரையில ஒரு தென்னை மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். சுண்டன் வள்ளம் ஒவ்வொண்ணா வர்றப்போ கரையே கத்துது. பொம்பளைங்க பந்தயம் வந்தப்போ பக்கத்துல நின்ன ரெண்டு பையங்க டீ குடிக்கப் போயிட்டாங்க. அக்கா அவங்களைப் பாத்த பார்வையை நான் மட்டும்தான் பாத்தேன்.

வள்ளம் தூரத்துல வர்றப்போ யார் யாருன்னு தெரியல. ஒரே கலர் சட்டை. கிட்ட வந்தப்போ, இடது பக்கம் நடுவுல எங்க புள்ள. பல்லைக் கடிச்சுக்கிட்டு முன்னாடி மட்டும் பாக்குது. முப்பது கையும் ஒண்ணா போகுது, ஒண்ணா வருது.

அக்கா குலவை போட்டுச்சு.

நடவு தொடங்குறப்போ எங்க ஊர்ப் பொம்பளைங்க போடுவாங்களே, அதே குலவை. சுத்தி நின்ன மலையாளத்துக்காரங்க திரும்பிப் பாத்தாங்க. ரெண்டு வயசான அம்மாங்க கூடச் சேர்ந்து கத்த ஆரம்பிச்சாங்க. வள்ளம் எங்களைத் தாண்டி மூணாவதாப் போயி முடிச்சுச்சு. மொத்தமே சில நிமிஷம்தான். அதுக்குத்தான் இத்தனை சாயங்காலம்.

அன்னைக்குக் கோப்பையை வாங்குனது வீயபுரம் சுண்டன், துடுப்பு போட்டது பள்ளாத்துருத்தி போட் கிளப். மறுநாள் பேப்பர்ல அந்தப் படம் பெருசா இருந்துச்சு. பொம்பளைங்க முடிவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்துச்சு, ரெண்டே வரி. எங்க புள்ள அதை எதிர்பார்த்த மாதிரியும் தெரியல. உள்ளங்கையில வெடிச்ச கொப்புளத்துல தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு, திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்னுச்சு.

திரும்பி வர்றப்போ குமுளி ஏத்தத்துல பஸ்ஸு மூச்சு வாங்குது. அக்கா ஜன்னலைப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு.

"ஏண்டா தம்பி, அந்தப் பொம்பளைங்க இழுத்தது இழுவை இல்லையா?"

"என்னக்கா இப்படிக் கேக்குற, இழுவைதான்."

"ஒரு கை நின்னாலும் வள்ளம் ஆடிப்போகும்னு நீதானே சொன்ன?"

"ஆமா."

"நாங்க ஏழு பேரும் ஒரு வாரம் வரலேன்னா உன் வயல் என்னாகும்?"

நான் பதில் சொல்லல. "பெறகு எங்களுக்கு மட்டும் ஏன் 350?"ன்னு அக்கா முடிச்சுச்சு. அதோட தூங்கிப்போச்சு. எனக்குத் தூக்கம் வரல.

வேலை வேற வேறன்னு நாங்க ஆம்பளைங்க சொல்லிக்குவோம். வரப்பு வெட்டுறது கஷ்டம், களையெடுக்கிறது லேசுன்னு. நான் வரப்பும் வெட்டியிருக்கேன், ஒரு நாள் பூரா குனிஞ்சு களையும் எடுத்திருக்கேன். எது லேசுன்னு என் இடுப்புக்குத் தெரியும். ஆனா நெல் விக்கிற விலையில எல்லாருக்கும் 700 குடுத்தா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதுவும் பொய் இல்ல.

அந்தத் தடவை களையெடுப்புக்கு 450 குடுத்தேன். பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டாங்க, "நீ ஏத்தி விட்டுட்டா நாங்க எங்க போறது?"ன்னு. ஒருத்தர் இன்னும் எங்கூட சரியாப் பேசுறதில்ல.

ஓணத்துக்கு அவங்க ஊர்த் தோட்டுல நடந்த போட்டியில எங்க புள்ள டீம் முதல்ல வந்துச்சு. பரிசுப் பணம் வள்ளத்து வாடகைக்கும் சட்டைக்கும் சரியாப் போச்சாம். அக்கா அந்த வீடியோவை களையெடுக்கிற இடத்துல எல்லாருக்கும் காட்டி முடிச்சுட்டு, வரப்புல நின்ன என்னைப் பாத்து, "இன்னும் 250 பாக்கி இருக்குடா"ன்னுச்சு. மிச்ச ஆறு பேரும் ஒண்ணா சிரிச்சாங்க.