மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை

பதுளையில் சைக்கிள் ஓடுகிறவனுக்குத் தூரம் பெரிய கணக்கில்லை, ஏற்றம்தான் கணக்கு. டவுன் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டரில் கிடக்கிறது. பண்டாரவளை 1,200க்கு மேலே. பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்ற 2022இல், பழைய லுமாலாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு கைப்பேசி வரைபடம் காட்டிய மிகக் கிட்டிய வழியில் இறங்கினேன். அது ஒரு தேயிலைத் தோட்டத்துக் கல்படிகளில் கொண்டுபோய் விட்டது. சைக்கிளைத் தோளில் சுமந்து நின்ற என்னைப் பார்த்து, பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: “இது ஆளு நடக்கிற குறுக்குப்பாதை தம்பி. சைக்கிளுக்கு ஸ்டோர் ரோட்டால போகணும். கொஞ்சம் சுத்துதான், ஆனா மிதிச்சே போயிறலாம்.”

நான் தேடிய எந்த வரைபடத்திலும் அந்த ஸ்டோர் ரோடு இல்லை. அன்றிரவு நானே அதை வரைந்தேன்.

வரைந்தது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது அது. யாரும் தம் ஊர் வழியை வரையலாம், பிறர் வரைந்ததைத் திருத்தலாம். அந்தத் தரவை எடுத்துச் சைக்கிள்காரர்களுக்கென்றே ஆண்டி ஆலன் உருவாக்கியது ஓபன்சைக்கிள்மேப். இப்படிப்பட்ட சைக்கிள் வரைபடங்கள் பல சமவுயரக் கோடுகளுக்கு நம்பியிருப்பது, 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ஒன்று ரேடாரால் அளந்த உயரங்களைத்தான். மலை எங்கே செங்குத்து என்று அவை சொல்லும். நிழல்மரங்களுக்கு அடியில் ரோடு எங்கே உடைந்திருக்கிறது, தண்ணீர் வடியும் கான் எங்கே குறுக்கே ஓடுகிறது என்பதெல்லாம் வானத்திலிருந்து தெரியாது. லயத்து வீடுகளில் கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. “ரோடு நல்லமா?” என்றால் எல்லோரும் “நல்லம்” என்பார்கள், விருந்தாளியிடம் குறை சொல்ல மாட்டார்கள். நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, “மழை பெஞ்சா லொறி இதுவரைக்கும் வருமா?” என்று கேட்பேன். இந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மண் ரோடுகளுக்கு ஐந்து தரம் உண்டு. மழையிலும் லொறி வருமென்றால் இரண்டாம் தரம் போடுவேன். டிரக்டர் மட்டும் வருமென்றால் மூன்று, சில வேளை நான்கு. கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து கீழ் ரோட்டுக்கு இறக்குகிறார்கள் என்றால் அது சைக்கிளுக்கு வழியே அல்ல. தோட்டத்து ரோடுகள் பெரும்பாலும் மலையை நேராக ஏறாமல் இடுப்பைச் சுற்றிப் போவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் மாட்டுவண்டி பாரம் இழுக்க வேண்டியிருந்ததுதான். மாட்டுக்காகப் போட்ட அந்தச் சரிவு, கியர் இல்லாத சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் பொருந்துகிறது.

பெயர்களையும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பலகையில் ஆங்கிலப் பெயர் இருக்கும்; சனங்கள் சொல்வது வேறு. தமிழ்ப் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறது, அதை நிரப்பாமல் நான் எழுந்திருப்பதில்லை.

வேண்டுமென்றே வரையாமல் விட்டவையும் உண்டு. இரண்டு லயங்களுக்கு நடுவே போகும் பாதை வரைபடத்தில் ஒரு கோடுதான். ஆனால் அது அங்கிருப்பவர்களுக்கு வாசல், அங்கேதான் துணி காயும், பிள்ளை குளிக்கும். ஹப்புத்தளை, எல்ல, தெமோதர பக்கமாகப் போகும் பீக்கோ நடைபாதையில் இன்று வெளிநாட்டார் நிறையவே நடக்கிறார்கள். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த வழியால் கடைக்காரருக்கு வியாபாரம் கிடைப்பது நல்லதுதான். என்றாலும் யாருடைய வாசலுக்குள்ளும் நான் ஆளை அனுப்பமாட்டேன்.

பசறைப் பக்கம் போகிறவர்களிடம் பெரிய வீதியைத் தவிர்க்கச் சொல்கிறேன். 2021 மார்ச் 20ஆம் திகதி, 13ஆம் கட்டையில், சரிந்து விழுந்த பாறை வழியைக் குறுக்கியிருந்த இடத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படியொரு பாறையை முதல் நாளே வரைபடத்தில் குறிக்கலாம். குறிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆனால் நானே ஒரு தவறு செய்தேன். கச்சான் காற்று வீசும் ஆகஸ்டில் ஒரு டிவிசன் ரோட்டை ஓடிப் பார்த்து இரண்டாம் தரம் என்று எழுதினேன். மண் காய்ந்து சிமெந்துபோல இருந்தது, யாரையும் கேட்கவில்லை. நவம்பர் மழையில் அந்தக் கோட்டைப் பார்த்து இறங்கிய ஒரு பையன் கானில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

போய்ப் பார்த்தேன். கான் ஒரு முழ அகலம். மேலே புல் மூடி, தண்ணீர் ஓடும்போது ரோடுபோலவே தெரிந்தது. நாடா வைத்து அளந்து, அந்த இடத்தில் ‘இறங்கித் தள்ளவும்’ என்று குறித்தேன், தரத்தை நான்காக மாற்றினேன். அதற்குப்பிறகு வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை ஓடாமல் எந்த வழியையும் ஏற்றுவதில்லை.

அளந்துகொண்டிருந்தபோது அந்தப் பையன், கையில் மாவுக்கட்டோடு, பக்கத்தில் வந்து நின்றான். “அண்ணே, இன்னும் ரெண்டு கான் இருக்கு. பிரட்டுக்களத்துக்கு அங்கிட்டு ஒண்ணு, தொங்க லயத்துக்கிட்ட ஒண்ணு. வாங்க காட்டுறேன்” என்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.