மாத்திரைக்குப் பதில் சிரப்

குமாரபாளையத்தில் எனக்கு மெடிக்கல் கடை. டி.ஃபார்ம் படித்தவன். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பல்வலி என்று என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குக் கடைசியில் கழுத்தில் துளை போட்டு மூச்சு விட வைக்க வேண்டியிருந்தது. அதில் என் பங்கு என்ன என்பதை எழுதுகிறேன். குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒருமுறை குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதுவேன்.

எங்கள் பக்கம் 'பல்லுவலி செட்டு' என்று கேட்டால் போதும். அட்டையிலிருந்து வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்போம். வலிக்கு ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. நான் நாலாவதாகவும் ஒன்று போடுவேன். சின்ன வெள்ளை மாத்திரை. ஸ்டீராய்டு. வீங்கிய கன்னம் ஒரே ராத்திரியில் வற்றிவிடும். "அந்தக் கடை மாத்திரைதான் கேக்குது" என்று ஜனங்கள் சொல்வது இந்த நாலாவது மாத்திரையால்தான். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கோடு போட்டே வரும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஏன் செய்தேன்? பயம் ஒரு காரணம். நான் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் கொடுப்பார்கள். கர்வம் இன்னொன்று. தறிப்பட்டறை ஆட்கள் என்னை 'டாக்டரு' என்று கூப்பிடுவார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பல்வலியோடு வந்த அந்த அக்காவுக்குத் தறிப்பட்டறையில் நூல் தார் சுற்றும் வேலை. கணவர் அதே பட்டறையில் தறி ஓட்டுகிறார். இருவரும் முன்பணம் வாங்கியவர்கள். ஒரு ஷிப்ட் போகாவிட்டால் கூலி போகும். பட்டறைக்காரரிடம் பேச்சும் வாங்க வேண்டும். கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்தின கடைவாய்ப் பல் சொத்தை. முதலில் வந்தபோது குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றார். அந்தக் கட்டத்தில் பல்லைச் சுத்தம் செய்து அடைத்திருந்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்திருக்கும். அடுத்த முறை, டீ குடித்தால் வலி பிடிக்கிறது, குடித்து முடித்த பிறகும் போகமாட்டேன் என்கிறது என்றார். அதற்கடுத்து, ராத்திரி படுத்தால் தெறிக்கிறது, உட்கார்ந்தே தூங்குகிறேன் என்றார்.

ஒவ்வொரு முறையும் நோய் ஒரு படி உள்ளே போயிருந்தது. பல்லின் மேல்ஓட்டில் உணர்ச்சி கிடையாது. சொத்தை அதைத் தாண்டி உள்ளே இறங்கும்போதுதான் கூசும். நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் கூழாக இருக்கிற அறை வரை போய்விட்டால் அந்தக் கூழ் வீங்கும். சுற்றிலும் கெட்டியான சுவர். வீங்க இடமில்லை. அதனால்தான் அந்த வலி மனிதரைத் தூங்கவிடாது. அந்த நிலைமைக்கு மாத்திரையில் தீர்வு இல்லை. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் அங்கே பெரிதாக எதுவும் செய்யாது. பல் டாக்டரிடம் காட்ட வழியிருக்கும்போது வெறும் பல்வலிக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. சங்கம் சொல்வது இருக்கட்டும். ரத்த ஓட்டம் நெரிபடும் இடத்துக்கு ரத்தத்தில் போகிற மருந்து எப்படிச் சரியாகப் போய்ச் சேரும்? இதை யோசிக்க டி.ஃபார்ம்கூட வேண்டியதில்லை.

"புடுங்கிரலாமா தம்பி?" என்று அவரே கேட்டார். கேட்டவர் அவர். பதில் சொன்னவன் நான். "அவசரமில்லீங்கக்கா. வலி நிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாகவும் பயந்தார். அது பொய் என்று எனக்குத் தெரியும். அப்படியெல்லாம் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பயம் என் வியாபாரத்துக்குத் தோதாக இருந்தது.

திருச்செங்கோட்டைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எளையாம்பாளையத்தில் பெண்கள் படிப்பதற்கென்றே ஒன்று உண்டு. சேலத்திலும் உண்டு. பெரிய செலவில்லாமல் பல்லை எடுத்து அனுப்புவார்கள். திருச்செங்கோட்டுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். எனக்கு அந்த வழி தெரியும். என் சொந்த மகளின் பல்லுக்கு நான் போனது அங்கேதான்.

பிறகு ஒருநாள் வலி தானாகவே நின்றது. வேறு எதற்கோ கடைக்கு வந்த அக்கா, "உன்ற மாத்திரையிலதான் தம்பி நின்னுச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்து அதை ஏற்றுக்கொண்டேன். வலி நின்றது பல்லின் உயிர் செத்ததால். செத்த இடத்தில் சீழ் பிடிக்கும். வேர் நுனி வழியாக எலும்புக்கு இறங்கும். பல்வலியில் மிகவும் ஏமாற்றும் கட்டம் இதுதான். அவரை அப்போதாவது பஸ் ஏற்றியிருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்துத் தாடை வீங்கியது. செட்டு கொடுத்தேன். வற்றியது. மறுபடி வீங்கியது. மறுபடி கொடுத்தேன். ஸ்டீராய்டு வீக்கத்தையும் காய்ச்சலையும் அமுக்கும். கிருமியைக் கொல்லாது. உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தது. அது அவருக்கே தெரியாது. என் கல்லாப் பக்கத்திலேயே சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. விரலை ஒருமுறை குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தோன்றவில்லை.

இனி எழுதுவதுதான் எனக்குக் கடினம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம். கடையில் கூட்டம். அவர் கணவர் வந்து, மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி, அவளால மாத்திரை முழுங்க முடியலீங்க. தண்ணி குடிச்சாலும் வெளிய வந்துருது. எச்சி வடிஞ்சுக்கிட்டே இருக்குது."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குழந்தைங்களுக்குக் குடுக்கற சிரப் இருக்குதுங்ண்ணா. அது எறங்கும்" என்றேன். ஆன்டிபயாடிக் சிரப் ஒன்று, காய்ச்சல் சிரப் ஒன்று எடுத்து வைத்தேன். பெரியவர்களுக்கு எத்தனை மூடி என்று அட்டைப்பெட்டி மேல் எழுதிக் கொடுத்தேன். சில்லறை பாக்கி இருந்ததற்கு ஒரு மிட்டாய் பட்டை கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போனார்.

விழுங்க முடியவில்லை என்று ஒரு மனிதர் வந்து சொல்கிறார். விழுங்குவதற்கு எளிதான சரக்கை நான் விற்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கே கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வாய் திறக்கிறதா என்று கேட்கவில்லை. வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருக்கிறதா, நாக்குக்கு அடியில் மேடாக இருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வந்திருக்கும். இது அவரே பிறகு என்னிடம் சொன்னது.

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் தாடையில் ஆழமாக இறங்கியிருக்கும். அங்கிருந்து கசியும் சீழ் தாடைக்கு அடியில், நாக்குக்குக் கீழே இருக்கிற தளர்ந்த இடங்களில் பரவும். இரண்டு பக்கமும் பரவினால் கழுத்து கட்டைபோல் இறுகும். நாக்கு மேலேயும் பின்னாலேயும் தள்ளப்படும். அது மூச்சுக்குழாயின் வாசலை அடைக்கும். வில்ஹெல்ம் ஃப்ரெடரிக் ஃபான் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836இல் இதை எழுதி வைத்தார். அவர் பெயரிலேயே லுட்விக் ஆஞ்சைனா என்கிறார்கள். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கும் மேல் செத்தார்கள். இன்றைக்கும் இதில் முதல் வேலை மருந்து அல்ல. மூச்சுக்கு வழி செய்வதுதான். சிரப்பில் எதுவும் ஆகாது.

அன்றைக்கு நடுராத்திரிக்கு மேல் அக்காவுக்கு மூச்சு இழுத்தது. 108 ஆம்புலன்ஸ் வந்தது. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் சேலத்துக்கு அனுப்பினார்கள். சங்ககிரி வழியாகப் போகும்போது வண்டிக்குள் அவரைப் படுக்க வைக்க முடியவில்லை. மகள் அம்மாவின் முதுகைத் தாங்கி உட்கார்ந்தே போயிருக்கிறாள். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். தாடைக்கு அடியில் கீறிச் சீழை வடித்தார்கள். பல்லை எடுத்தார்கள். பிழைத்தார்.

விடியற்காலையில் என் போன் அடித்தது. அவர் கணவர். "தம்பி, என்னென்ன மாத்திரை குடுத்தீங்கன்னு டாக்டர் கேக்கறாங்க."

மூன்று பெயர் சொன்னேன். நாலாவதைச் சொல்லவில்லை.

மறக்கவில்லை. நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். லைசென்ஸ் போகும், போலீஸ் வரும் என்று நினைத்தேன். ஸ்டீராய்டு தொடர்ந்து எடுத்தவரின் உடம்பு பெரிய நோயைத் தாங்குகிற விதமே வேறு. மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். சர்க்கரை ஏன் அவ்வளவு ஏறியிருக்கிறது என்று அங்கே குழம்புகிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை செய்தது கவனக்குறைவு. திங்கட்கிழமை விடியலில் செய்தது கவனக்குறைவு அல்ல. அந்தப் பெண் செத்தாலும் பரவாயில்லை, நான் தப்பிக்க வேண்டும் என்று ஒரு நிமிடமாவது நினைத்திருக்கிறேன். வேறு எப்படி வைத்துப் பார்த்தாலும் இதுதான் அர்த்தம்.

அவர்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன். அவர் மகள் அப்போது பிளஸ் டூ. பரீட்சை நேரம். ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்ததில் பாதித் தேர்வு போயிற்று. துணைத் தேர்வில் எழுதித் தேறினாள். அதற்குள் அவள் நினைத்திருந்த கல்லூரியில் இடம் முடிந்துவிட்டது. அந்த வருஷம் அம்மாவின் இடத்தில் அவள் தார் சுற்றினாள். முன்பணத்தோடு ஆஸ்பத்திரிக் காலத்துக் கடனும் சேர்ந்தது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆள் தங்கியதற்கும் வாங்கிய கடன். அக்காவின் குரல் கரகரத்துவிட்டது. தறிச் சத்தத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதில்லை.

ஏழை ஊர், படிக்காத ஜனம் என்று காரணம் சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் டியாமான்டே டிரைவர் என்ற 12 வயதுப் பையன் 2007 பிப்ரவரியில் இறந்தான். சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்கு ஏறியிருந்தது. 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல். மூளையில் இரண்டு அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. செலவு இரண்டரை லட்சம் டாலர் ஆனது. அரசுக் காப்பீட்டில் ஏழைப் பிள்ளைகளைப் பார்க்கிற பல் டாக்டர்கள் அங்கே அரிதாக இருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அந்தப் பையனுக்கு டாக்டர் எட்டவில்லை. இந்த அக்காவுக்கு ஒரு மணி நேரத்தில் டாக்டர் இருந்தார். நடுவில் நான் இருந்தேன்.

இப்போது செட்டு கட்டுவதில்லை. பல்வலி என்று வருபவரிடம் கேட்கிறேன். வலி தானாக வருகிறதா, ராத்திரி எழுப்புகிறதா என்பது முதல் கேள்வி. ஆமாம் என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் பல் டாக்டர். வலி தாங்க ஒரு பாரசிட்டமால் கொடுப்பேன். அதோடு சரி. வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே. வாயில் மூன்று விரல் நுழைகிறதா பார்க்கச் சொல்கிறேன். நுழையாவிட்டால், வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ கழுத்துக்கு இறங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டால், குரல் மாறினால், பல் டாக்டரைத் தேடி அலைய வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, 108 என்று சொல்கிறேன். மாடி ஏறினால் இடது தாடை வலிக்கிறது, நின்றால் விடுகிறது என்ற ஒருவரை, பல்லாக இருக்காது, இதயமாக இருக்கலாம் என்று இதய டாக்டரிடம் அனுப்பினேன். சர்க்கரை பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை. வியாபாரம் குறைந்திருக்கிறது. செட்டு வேண்டும் என்பவர்கள் எதிர்க்கடைக்குப் போகிறார்கள்.

நாலாவது மாத்திரையைப் பற்றி அவர் கணவரிடம் பல மாதம் கழித்துத்தான் சொன்னேன். பட்டறை வாசலில் ஷிப்ட் முடிந்து வந்தவரை நிறுத்திச் சொன்னேன். போனில் மறைத்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார். "டாக்டருங்க ரெண்டு தடவ கேட்டாங்க தம்பி. வேற ஒண்ணும் தரலீங்களான்னு. இல்லீங்கன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்" என்றார். என் பொய்யை அவர் தன் வாயால் சொல்லியிருக்கிறார். தன் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக் காலத்துக் கடனை நான் அடைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார். மருந்து வேறு கடையில் வாங்குகிறார்கள். மன்னிப்பைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.