கருப்புக் கம்பி

மின்சாரக் கார் வாங்க முடிவானதும் பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். டொராண்டோவுக்கு வெளியே உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு வருவது 100 ஆம்பியர். பிரேக்கர்களில் இருந்த எண்களைக் கூட்டினேன். அடுப்புக்கு 40, துணி உலர்த்தும் மெஷினுக்கு 30, ஏசிக்கு 30. விளக்குகளைச் சேர்க்கும் முன்பே நூறு தீர்ந்துவிட்டது. சார்ஜருக்கு இன்னும் 40 வேண்டும். 200 ஆம்பியருக்கு மாற்ற வேண்டியதுதான் என்றேன்.

ஈரோட்டுப் பக்கமிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, பந்தியில நூறு எலை போட்டா, நூறு பேரும் ஒரே நேரத்துலயா ரசங் கேப்பாங்க?"

அப்பா நாற்பது வருடம் வயர்மேன். மேற்படிப்புக்கு வரும்போது விசாப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதியவன் நான்.

எலெக்ட்ரீஷியன் வந்து பெட்டியின் மூடியைக் கழற்றினார். அப்பா குனிந்து ஒரு கருப்புக் கம்பியை நோக்கி விரலை நீட்டி, "இது நியூட்ரல்" என்றார். அவர் பதறிப்போய்க் குறுக்கே கையை வைத்து, "நோ, ஹாட்!" என்றார்.

"சூடா இருக்குதாமுங்கப்பா" என்று மொழிபெயர்த்தேன்.

"கம்பி சூடானா கனெக்ஷன் லூசுன்னு அர்த்தம். டைட் பண்ணச் சொல்லு."

டெஸ்டரை வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்கே புரிந்தது. நாம் பேஸ் என்பதைத்தான் இங்கே ஹாட் என்கிறார்கள். நம் ஊர் வயரிங்கில் கருப்பு நியூட்ரல். இங்கே கருப்பில்தான் கரண்ட் வருகிறது, வெள்ளைதான் நியூட்ரல். எர்த்துக்குப் பெயர் கிரவுண்ட். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நாப்பது வருசம் பழகுன கையி. இங்க என்னையவே கொன்னுபோட்டிருக்கும்."

எலெக்ட்ரீஷியன் காகிதத்தில் கணக்குப் போட்டார். 40 ஆம்பியர் பிரேக்கரை 240 வோல்ட்டால் பெருக்கினால் 9600 வாட். ஆனால் வீட்டு அடுப்புக்கு விதிநூல் எடுத்துக்கொள்ளச் சொல்வது 6000 வாட்தான். எல்லா பர்னரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரிவதில்லை. பிரேக்கரின் எண் கம்பியைக் காக்கும் எல்லை. நாம் செலவழிக்கும் அளவு அல்ல. அப்பா சொன்ன அதே பந்திக் கணக்கு.

24 ஆம்பியரில் மெதுவாக ஏற்றும் சார்ஜர் போதும், அதற்கு 30 ஆம்பியர் பிரேக்கர், மெயினை மாற்ற வேண்டாம் என்று முடிவானது. இரவு எட்டு மணி நேரத்தில் 46 யூனிட் ஏறும்.

கிளம்பும்போது அவர் என்னிடம், "உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எலெக்ட்ரீஷியன்" என்றேன்.

அன்று நாங்கள் பேசிய ஆங்கிலத்தில் மொழிபெயர்க்காமலே அப்பாவுக்குப் புரிந்த சொல் அது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.